ஜன்னலுக்கு அடித்த மருந்து

அம்மாடி,

ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு லெட்டர் எழுதறேன்னு சிரிக்காதே. நேர்ல சொல்ல வாய் வரல.

சிகரெட்டும் பெயிண்டும் தின்ன நெஞ்சு இது. கேன்சர் வராம தடுக்குதான்னு பார்க்கற சோதனை மருந்தை, நீ வேலை பார்க்கற ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக் கொடுத்தே. தினம் ரெண்டு தடவை வாயில வெச்சு இழுக்கணும். மூணு வருஷமா டப்பா டப்பாவா காலி பண்ணி உன்கிட்ட கொடுத்தேன். "எங்க அப்பா ஒருநாள்கூட விட்டதில்ல"ன்னு டாக்டர்கிட்ட பெருமை அடிச்சுக்கிட்டே. நேத்து ஸ்கேன் படத்துல கேன்சரைப் பார்த்துட்டு, "மருந்து கைவிட்டுடுச்சுப்பா"ன்னு அழுதே.

மருந்து கைவிடல. முப்பது வருஷம் காருக்கு பெயிண்ட் அடிச்ச கை, உன் மருந்தை ஜன்னலுக்கு வெளியே அடிச்சுது. ஒவ்வொரு அடிக்கும் டப்பாவுல ஒரு நம்பர் குறையும்; அது குறைஞ்சா நீ நம்பிடுவேன்னு தெரியும்.

கசப்புக்குப் பயந்து இல்ல. இழுத்தா இருமல் வரும். இருமினா, நீ அடுப்படியில இருந்தாலும் ஓடிவந்து என் முகத்தைப் பார்ப்பே. அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியல.

ஆஸ்பத்திரி நோட்டுல மருந்து மேல பழி போடாதே. நான் இழுக்கலன்னு எழுது. எனக்கு இனி எதை எழுதினாலும் ஒண்ணுதான்.

இன்னிக்குக் காலையில ரொம்ப நேரம் இருமினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கல.

உன் அப்பா