பார்க்க வந்தவர்களின் பால்மா

மார்ச் 4
நிமோனியா போய்விட்டது, உடம்பிலிருந்த சதையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வருத்தம் பார்க்க வருகிற சனம் ஆளுக்கொரு சத்துப் பால்மாத் தகர ரின்னோடு வருகிறது. அலுமாரிக்கு மேல் இனி இடமில்லை. வந்தவர்களுக்கு முன்னால் ஒரு கப் குடித்துக் காட்டாவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, என் மனைவி ஜெகதீஸ்வரி மூன்று மாதமாகக் காலையிலிருந்து இரவுவரை கப்பை என் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வாய் கசக்கிறது என்று சொன்னதால் மேலதிகமாகச் சீனியும். எறும்பு மொய்க்காததுதான் குறை.

மார்ச் 11
தேநீரில் தோய்த்த பாண். கடித்தேன். கல்லென்று துப்பினால் — பல். பாதிப் பல். கறுப்பு.
ஜெகதீஸ்வரி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாள். முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12
குளியலறைக் கண்ணாடியில் போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். பல் முளைக்கிற முரசு ஓரமாக வரிசையாகக் கறுப்பு. நாக்கின் கரையில் ஒரு புண்.
அண்ணர் வாய்ப் புற்றுநோயில்தான் போனார். அவருக்கும் முதலில் புண்தான். கடைசியில் வாய் திறக்க முடியாமல் குழாயால் சாப்பாடு. அவர் வெற்றிலை போட்டார், நான் தொட்டதேயில்லை. அதுக்கென்ன, தொடாத ஆக்களுக்கு வராதோ?
ஆரிட்டக் கேக்கிறது?

மார்ச் 15
பயமாக் கிடக்கு. வேற ஒண்டும் எழுத வரேல்ல.

மார்ச் 19
சோறு மெல்ல ஏலாது. நான் சாப்பிடாததைக் கண்டு ஜெகதீஸ்வரி இன்னொரு கப் கரைக்கிறாள். அதுவும் கூசுகிறது. கந்தோரில் என்னோடு வேலை செய்த நண்பர் நாகேந்திரம் வந்து பகிடி விட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் ஒரு ரின் கொண்டுவந்தார், பாவி மனுஷன்.
அவர் போனதும் ஜெகதீஸ்வரி கேட்டாள், ஏன் கையால் பொத்துகிறீர்கள் என்று. சும்மா என்றேன்.

மார்ச் 21
சட்டை தோய்க்க எடுத்தவள் லேஞ்சியைக் கண்டுவிட்டாள். பல்லை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். ஏசப்போகிறாள் என்று பார்த்தால், கட்டிலில் என் பக்கத்தில் இருந்துவிட்டாள்.
"அண்ணர் மாதிரி எண்டு நினைச்சியளோ? நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு திரியிறன்."
ஒரு ஃபிளாட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்! மகள் உஷாந்திக்குப் போன் எடுத்தோம். கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் டொக்டரை அவளே ஒழுங்கு செய்தாள்.

மார்ச் 22
ஓட்டோவில் கொள்ளுப்பிட்டிக்குப் போனோம்.
டொக்டர் ரொஷேல் எங்கள் மகளைவிடச் சின்னவர். ஆறுதலாகப் பார்த்தார். "அங்கிள், இது சூத்தை, பல்லு அரிச்சுப்போச்சு. உடைஞ்ச பல்லு உரசித்தான் நாக்கில புண் வந்திருக்கு." மருந்துகளால் எனக்கு எச்சில் குறைவாம். நாள் முழுக்க உறிஞ்சிய இனிப்பு பல்லடியில் கிடந்து அரித்துவிட்டதாம். பால்மாவை நிற்பாட்டத் தேவையில்லை. சீனி போடாமல், சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்கட்டுமாம். ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.
உடைந்த பல்லைப் பிடுங்கினார். புண் ஆறாவிட்டால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம்.
ஆறாவிட்டால். வேறெதுவும் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 5
புண் ஆறிவிட்டது. டொக்டர் பார்த்துச் சொன்னபிறகும் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னேன். அரிபட்ட முன்பல் ஒன்றையும் பிடுங்கிவிட்டார். போகட்டும்.

மே 6
நாகேந்திரம் ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்திருக்கிறார். கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஜெகதீஸ்வரி ஒரு ரின் வாங்கினாள். நான் ஒரு பல் பிரஷ் வாங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாதி குடித்த பால்மாக் கப் இருந்தது. நான் ஒரு பகிடி விட்டேன். மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
"கையை எடும் ஐசே, பாப்பம்."
எடுக்கவில்லை. கண்ணில் பயம்.
கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, என் வாயை முதலில் அகலத் திறந்து காட்டினேன்.