பகலில் ஓர் அடக்கம்

லுப்லியானா
9 மார்ச் 2004

அன்புள்ள மெலிஹா,

விவாகரத்துத் தாள்களுக்குப் பிறகு நமக்குள் தபால் போக்குவரத்து இல்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் இந்த உறையை இரண்டு நாளாவது பிரிக்காமல் வைத்திருப்பாய். பிரித்ததற்கு நன்றி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போரில் சரயேவோ முற்றுகையில் இருந்த காலத்தில் நாம் நிலவறையில் நடத்திய நாடகத்தை வைத்து ஒரு திரைக்கதை எழுதியிருக்கிறேன். நான்கு வருடமாக அதைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாக அலைகிறேன். போன மாதம் கடலோர ஊர் ஒன்றில் என்னைப் போன்ற சின்னப் படக்காரர்களைக் கூட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஏழு நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் பணம் போடுகிறவர்கள். எனக்கு முன்னால் ஒரு ஜார்ஜியாக்காரன், பின்னால் ஒரு பல்கேரியப் பெண். எல்லோரிடமும் ஒரு போர் இருந்தது. எல்லோரிடமும் சாகாமல் தப்பித்த ஒரு கலைஞன் இருந்தான். என்னுடையதைப் பாரிஸிலிருந்து வந்த சொலாஞ் என்ற பெண் தயாரிப்பாளர் எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: "கதை நல்லா இருக்கு. ஆனா உங்க ஆளு ஏன் ஊரை விட்டுப் போறான்? அதுக்கொரு காரணம் வேணுமே."

ஆகவே இப்போதைய வடிவத்தில் கதாநாயகனின் மனைவி இறந்துபோகிறாள். அந்த மனைவி நீதான் என்பது சரயேவோவில் பாதிப் பேருக்குத் தெரியும். உனக்கு மறுப்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் வக்கீல்கள் மேலே போக விடமாட்டார்கள். திரைக்கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே மழை.

தாவோர்


சரயேவோ
2 ஏப்ரல் 2004

தாவோர்,

இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் வைத்திருந்தேன். காப்பி குடிக்க வந்த மேல் வீட்டு ஸுஹ்ரா பார்த்துவிட்டு, "பழைய புருஷனா? பிரிச்சுத்தான் பாரேன், காகிதம் கடிக்காது" என்றாள். அதனால் பிரித்தேன்.

முழுவதும் படித்தேன். பாதி தாண்டியதும் செத்துப்போனேன். மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போது குண்டு விழுகிறது. எனக்குப் பாட வராது. குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். நான் முணுமுணுத்தாலே ஒப்பனை அறைக் கதவைச் சாத்துவார்கள்.

பிறகு பட்டப்பகலில் என்னைப் புதைக்கிறீர்கள். கறுப்புக் குடையோடு பெண்கள் வரிசையாக நின்று அழுகிறார்கள். அந்த நாட்களில் பகலில் யாரையும் புதைக்க முடியவில்லை என்பது உனக்கு மறந்துவிட்டதா? முற்றுகையிட்டு மலையில் இருந்தவர்கள் மயானத்தைக் குறிவைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் முஸ்லிம் வழக்கத்தில் பெண்கள் குழியருகே போய் நிற்பதும் இல்லை. குடைத் துணியையெல்லாம் உடைந்த ஜன்னலில் அடித்திருந்தோம்.

ஒன்று மட்டும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. நான் செத்த பிறகுதான் அவன் போகிறான். ஊருக்கு வெளியே போகிற அந்த ஒரே சுரங்கப்பாதையில் குனிந்து நடக்கும்போது அரங்கமே அவனோடு கூட நடக்கும். ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இது அந்தப் பாரிஸ் அம்மாள் சொல்லி எழுதியதா, நீயாக எழுதியதா?

இன்னொரு கேள்வி. ஹம்தியா எங்கே? காட்சிப் படுதா வரைந்தவர், நம்மோடு மூன்று நாடகம் செய்தவர், ஒரு பக்கத்தில்கூட இல்லை. குழுவில் செத்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய சாவை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டாய். அவரை என்ன செய்தாய்?

கையெழுத்துப் போடவில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இதுவரை உயிரோடிருக்கும்
மெலிஹா


லுப்லியானா
20 மே 2004

அன்புள்ள மெலிஹா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

குடைகளை எடுத்துவிடலாம். பாட்டு போகாது, இசைக்கென்று தனியாக ஒரு நிதி கேட்டிருக்கிறோம். பகல் அடக்கமும் அப்படித்தான். இருட்டில் படம்பிடிப்பது எங்கள் கைக்கு மீறிய செலவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

ஹம்தியா முதல் வடிவத்தில் இருந்தார். நம்பு. சொலாஞ் மோசமானவள் அல்ல, தன் தொழில் தெரிந்தவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அறுபதை நெருங்கின ஒரு குடிகாரரு. தண்ணிக்கு வரிசையில நின்னாரு, செத்தாரு. பாவந்தான். ஆனா பாக்கறவன் எதுக்கு அழணும்? அவர் யாருக்கு என்ன வேணும்?" அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. திரைக்கதையில் ஒருவனை யாரோடாவது கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் திருத்துகிற ஒவ்வொரு கையும் முதலில் அவனைத்தான் எடுத்து வெளியே போடும்.

உன் பெயரை மாற்றிவிடுகிறேன். தலைமுடியை மாற்றிவிடுகிறேன். தொழிலைக்கூட மாற்றலாம். கையெழுத்து ஜூலைக்குள் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் பல்கேரியப் பெண்ணின் படத்துக்குப் போய்விடும். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இதற்குப் பிறகு இன்னொரு படம் வருமென்று தோன்றவில்லை.

உன்
தாவோர்


சரயேவோ
11 ஜூன் 2004

தாவோர்,

என்னைக் கொன்றது யார் யோசனை என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போகட்டும்.

நீ செப்டம்பரில் ஊரை விட்டுப் போனாய். ஹம்தியா ஜனவரியில் போனார். அதனால் உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலத்து நாடகத்துக்கு ஒரு காடு வேண்டியிருந்தது. துணி இல்லை. ஜன்னலுக்கு அடிக்கச் சொல்லி உதவிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் தாளைத்தான் வீடு வீடாகப் போய் இரவல் கேட்டோம். சிலர் ஒரு வாரம் காற்றைப் பொறுத்துக்கொண்டு கொடுத்தார்கள். வண்ணமும் இல்லை. செங்கல்லை இடித்தார், புகைக்கரியைக் குழைத்தார், எதையெதையோ காய்ச்சினார். சிவப்பு வந்தது, பழுப்பு வந்தது, பச்சை வரவில்லை. நான் கேட்டதற்கு, "காட்டுக்கு இலையுதிர்காலம் வந்துடுச்சுன்னு சொல்லிடு கண்ணு. பச்சை வேணும்னா ஐநா சபைக்கு மனுப் போடச் சொல்லு" என்றார். அன்றைக்குக் குடிக்க ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. கை நடுங்கியது. இலைகள் அதனால்தான் அப்படி வந்தன என்று பிற்பாடு அவரே சொன்னார்.

நாடகம் முடிந்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வண்ணத்தைக் கழுவட்டுமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டோம். யாரும் கழுவச் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுக் காட்டை ஜன்னலில் அடித்துக்கொண்டார்கள். பகலில் உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் சிவப்பாக வரும். ஸுஹ்ரா வீட்டில் இரண்டு மரம் இருந்தது.

அவர் வண்ணத்துக்காகப் போய்ச் சாகவில்லை. பீன்ஸ் வேகவைக்கத் தண்ணீர் வேண்டும் என்று நான்தான் அனுப்பினேன். அன்று அவருடைய முறை. வரிசையில் குண்டு விழுந்தது, ஆறு பேர் செத்தார்கள். அன்று சாயங்காலம் நாடகம் நடந்ததா என்று உன் தயாரிப்பாளர் கேட்பார். நடக்கவில்லை. வேறு யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். பீன்ஸை வேகவைத்துத் தின்றோம். அவர் பங்கையும் தின்றோம். வெளிச்சம் போன பிறகு புதைத்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

கலை மனிதனைக் காப்பாற்றுமா என்று உன் திரைக்கதையின் முகப்புத் தாளில் பெரிதாக எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஒத்திகைக்கு வந்தால் ஒரு கிண்ணம் சூப் கிடைத்தது. அதனால் வந்தோம். வந்த பிறகு வசனம் சொன்னோம்.

என்னைக் கொன்றுகொள். பெயரைக்கூட மாற்ற வேண்டாம். பாடவும் வைத்துக்கொள். ஆனால் ஹம்தியா படத்தில் இருக்க வேண்டும், அந்தக் காடும் இருக்க வேண்டும். அது போதும். கையெழுத்து இத்துடன் இருக்கிறது.

மெலிஹா


லுப்லியானா
15 ஜனவரி 2006

அன்புள்ள மெலிஹா,

நீண்ட காலம் எழுதாமல் இருந்துவிட்டேன். சொல்வதற்கு நல்ல செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன். இப்போது வந்திருக்கிறது.

மூன்று நாடுகளின் பணம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு வால். ஒளிப்பதிவாளர் போலந்துக்காரனாக இருக்க வேண்டும், ஒலி வேலை புடாபெஸ்டில் நடக்க வேண்டும், இப்படி. உன் வேடத்தில் ஸாக்ரெபிலிருந்து ஓர் இளம்பெண் நடிக்கிறாள். நன்றாகப் பாடுகிறாள். உன்னைப் போலவே புருவத்தைத் தூக்குகிறாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

பிப்ரவரியில் சரயேவோவில் ஆரம்பிக்கிறோம். நாட்கள் குறைவு. அதனால் சில காட்சிகளைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அதெல்லாம் நேரில் பேசலாம். முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வருகிறேன். காப்பி நான் வாங்கி வருகிறேன்.

உன்
தாவோர்


சரயேவோ
4 மார்ச் 2006

தாவோர்,

நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும். நான் வந்தேன்.

உன் குழுவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நாடக அரங்கில் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "அம்மா, சும்மா கூட்டத்துல நிக்கணும், ஒரு அடக்கக் காட்சி. அழ வருமா?" என்று கேட்டாள். பழக்கம் உண்டு என்றேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

சாம்பல் நிறத் தலைத்துணி கொடுத்தார்கள். குடை இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாய். காலையில் நல்ல வெயில், தரையெல்லாம் பனி. நீ தூரத்தில் ஒரு தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முடி கொட்டிவிட்டது. காதில் எதையோ மாட்டியிருந்தாய். நான் கூப்பிடவில்லை.

இடைவேளையில் அந்தப் பெண்ணிடம், "படுதா வரையற ஆளோட காட்சி என்னிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டேன். "எந்த ஆளு?" என்றாள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "அப்படி யாரும் இல்லையேம்மா. நீங்க வேற படத்தைச் சொல்றீங்க போல."

நான் கோபப்படவில்லை. நேரில் பேசலாம் என்று நீ எழுதியபோதே பாதி புரிந்தது.

மறுபடி வரிசையில் நிற்க வைத்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். அதற்குள் மணல் மூட்டை என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்து அழுதார்கள், பெட்டியைச் சொல்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. ஹம்தியாவின் கல்லறைக் கல் அங்கிருந்து நான்கைந்து வரிசை மேலே இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்காது. பலகையாக இருந்ததை மாற்றி நாங்கள் பிற்பாடு வைத்தது. அங்கே போனேன். கொஞ்ச நேரம் நின்றேன். பின்பக்க வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைத்துணியை ஸுஹ்ராவின் பேத்தி கொண்டுவந்து கொடுத்திருப்பாள்.

உங்கள் டேக் ஒன்றைக் கெடுத்திருப்பேன். அதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன்.

எனக்கு இனி எழுதாதே. கையெழுத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன். நான் செத்தது செத்ததாகவே இருக்கட்டும்.

மெலிஹா


லுப்லியானா
28 செப்டம்பர் 2006

மெலிஹா,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

அடக்கக் காட்சியை ஐந்து முறை எடுத்தோம். அதில் ஒன்று கெட்டது என்று குறித்து வைத்திருந்தார்கள். கெட்டதைப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. உன் கடிதம் வந்த பிறகு தேடி எடுத்துப் பார்த்தேன்.

ஒரு பெண் வரிசையை விட்டு விலகி நடக்கிறாள். ஒளிப்பதிவாளன் கேமராவைத் தோளில் வைத்திருந்தான். அவள் நடிக்கிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போயிருக்கிறான். மேட்டில் ஏறும்போது ஒரு காலை மெதுவாக வைக்கிறாள். நான்கைந்து கல்லைத் தாண்டி ஒரு கல்லின் முன்னால் நிற்கிறாள். கையுறையைக் கழற்றிப் பனியைத் துடைக்கிறாள். பெயர் தெரிகிறது, வருடம் தெரிகிறது. யாரும் 'கட்' சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். பெட்டியைக் காட்டுகிற இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் அந்த டேக்கை வைத்திருக்கிறேன். தொகுப்பாளன், "கேமரா பெட்டியை விட்டுட்டு எங்கேயோ போகுதே சார், யாருக்கும் ஒண்ணும் புரியாதே" என்றான். சொலாஞ் இரண்டு முறை பாரிஸிலிருந்து வந்து பார்த்தாள். கல்லில் உள்ள பெயருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று வக்கீல்கள் கேட்டார்கள். அவருக்கு யாரும் இல்லை என்றேன். கடைசியில் பாட்டை நீக்கிவிட ஒப்புக்கொண்டேன், அதற்குப் பதிலாக அந்த ஒரு நிமிடக் காட்சி உள்ளே வந்தது. இசைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

நவம்பரில் உங்கள் ஊரில் காட்டுகிறார்கள். அழைப்பிதழ் அனுப்பவில்லை.

தாவோர்