கடைசி ரீலை வெட்டிவிட்டார்கள்

மே 6, 1973, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கிணற்றில் நாலு குடத்துக்கு மேல் வரவில்லை. பூசை முடிந்து வந்ததும் மிஷினில் உட்கார்ந்தாயிற்று.

தைக்க வேண்டியது: டீச்சர் ஜாக்கெட் 2. அந்தோணியம்மா பாவாடைக்கு நாடா. எம்.டி. சம்சாரத்துக்குப் பட்டு ஜாக்கெட் 3, அது எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டுமாம். பொங்கலுக்கு உரக்கடை மாடியில் 'பொற்குடம் பைனான்ஸ்' என்று போர்டு மாட்டினார், அன்றிலிருந்து அவருக்குச் சொந்தப் பேரே போய் ஊருக்கெல்லாம் எம்.டி. ஆகிவிட்டார். இந்த டைரியும் அவர்கள் இனாமாகக் கொடுத்ததுதான். தாள் நல்ல வழவழப்பு.

பிலோவுக்குச் சேலத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிரெயினிங் கிடைத்துவிட்டது! 15ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இண்டூரில் அம்மா பேரில் இருந்த மேட்டு நிலத்தை அப்பா விற்றுவிட்டார். அம்மா கடைசியாகச் சொன்னதே அதுதான், நிலத்தை விற்றாவது சின்னவளைப் படிக்க வை என்று. என் தங்கச்சி வெள்ளை யூனிபாரத்தில். நினைத்தாலே சிரிப்பு வருகிறது. யூனிபாரம் நான்தான் தைப்பேன். நாளை அப்பாவும் அவளும் இங்கே வருகிறார்கள்.

என் வீட்டுக்காரர் டிக்கெட் கிழிக்கிற டெண்டு கொட்டாயில் செவ்வாய்க்கிழமை படம் மாறுகிறது. ஈஸ்டருக்குச் சேலத்தில் சின்னம்மாவோடு பார்த்தேனே, அந்த பைனான்ஸ் படம். நல்ல படம். அப்பாவைக் கூட்டிப் போக வேண்டும்.

மே 8, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது.

முதல் ஆட்டத்துக்கு அப்பா, பிலோ, நான். தரை டிக்கெட். மணலைக் கூட்டிக் குவித்து உட்கார்ந்தோம். அப்பாவுக்கு ஒரே குஷி. ஆட்டு வியாபாரி மகன் மெட்ராஸ் போகிறான், ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறான், முதலாளி மகளைக் கட்டுகிறான், முதலாளியையே வெளியே தள்ளுகிறான். ஷேர் விலையைப் பொய் சொல்லி ஏற்றுகிறான், இறக்குகிறான். ஏழு மாடிக் கட்டடம், லிப்ட். ஏழைபாழைகள் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கடைசியில் கழுத்து நிறைய மாலையோடு லிப்டில் மேலே போகிறான், எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

அதோடு 'வணக்கம்' போட்டுவிட்டார்கள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். இன்னும் ஒரு ரீல் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். பணம் போட்ட ஜனம் கேட்டில் வந்து நிற்கும், உள்ளே சல்லிக்காசு இருக்காது. படம் முழுக்க அவனுக்கு சலாம் வைத்த வாட்ச்மேனும் தன் ரசீதை எடுத்து நீட்டுவான். அவன் தப்பி ஓட லிப்டில் ஏறுவான், கரண்ட் போய்விடும், இரண்டு மாடிக்கு நடுவில் நின்று கத்துவான். அதுதான் படமே!

இவரிடம் கேட்டேன். "ரீலு அறுந்துபோச்சு. பேசாம படு" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மே 9, புதன்

அறுந்தும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை.

காலையில் கேட்டுக் கேட்டுக் கறந்துவிட்டேன். எம்.டி. கொட்டாய் முதலாளியைப் பார்த்திருக்கிறார். "படத்த மாலையோட முடிச்சிருங்க, ஜனங்க சந்தோஷமா வூட்டுக்குப் போவட்டும்" என்றாராம். ஒரு வாரத்துக்குப் பொம்பளைகளுக்குப் பாதி டிக்கெட், மீதியை அவர் கொடுக்கிறாராம். பார் தர்மப்பிரபுவை!

"உங்களுக்கு என்னாங்க குடுத்தான்?"

"மரியாதையா பேசு மேரி. கேஷியர் வேலை தர்றன்னு சொல்லியிருக்கறாரு. நாற்காலி, பேன். நான் மட்டும் காலமெல்லாம் டிக்கெட்டு கிழிக்கணுமா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

இது போதாதென்று அப்பா. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து அந்த லிப்ட் பேச்சுதான். "ஆடு வித்தவன் மவன் பாத்தியா, எப்புடி மேல போறான்! பணத்த சும்மா வெச்சிருந்தா அது தூங்கும் மேரி. நம்ம எம்.டி.கிட்ட ஒரு வருசம் போட்டா ரெட்டிப்பு. பிலோ அடுத்த வருசம் சேந்துக்கட்டும். கெணறும் வெட்டிக்கலாம்."

"அடுத்த வருசம் எடம் குடுப்பாங்களாப்பா?"

"குடுக்காம? பணத்த கண்டா எல்லாரும் குடுப்பாங்க."

பிலோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல கீரையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் மீதிக் கதையைச் சொன்னேன். "நீ சேலத்துல வேற படம் பாத்திருப்ப" என்கிறார். எனக்குக் கண் அவிந்துவிட்டதா?

மே 10, வியாழன்

எம்.டி. சம்சாரத்தின் பட்டுத் துணி மூன்றையும் வெட்டாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "கை வலிங்க" என்றேன். கையா வலிக்கிறது?

பக்கத்து வீட்டு அந்தோணியம்மா எருமையை விற்றுப் போட்டுவிட்டாளாம். அந்த லிப்ட் காட்சியை எனக்கே நடித்துக் காட்டுகிறாள். குழாயடியில் ஒருத்தி சொல்கிறாள், "சினிமாவுலயே காட்டறான்னா அதுல உண்மை இல்லாமயா?" இது என்ன கொடுமை. திருடனைத் திருடன் என்று சொல்ல எடுத்த படத்தை, திருடனே காசு கொடுத்து ஓட்டுகிறான். ஜனம் பார்த்துவிட்டு அவன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறது. எடுத்தவன் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'உங்கள் பணம், எங்கள் பொறுப்பு' என்று அச்சடித்திருக்கிறான். இன்றுதான் கண்ணில் பட்டது. டிசம்பர் பக்கம் வரைக்கும் உட்கார்ந்து அதைக் கோடு போட்டு அடித்தேன். மை தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும்.

சாயங்காலம் அப்பா பணத்தை என்னிடம் கொடுத்தார். ஆயிரத்து நானூறு. துணியில் முடிந்து. "மாப்ள பாக்கெட்டுல வெச்சா வேர்வையில நனைஞ்சிரும். நீ வெச்சிரு. திங்கக்கெழம நாள் நல்லாயிருக்குது, நானும் மாப்ளையும் போய் போட்டுட்டு வந்தர்றம்." மிஷின் டிராயரில் வைத்தேன்.

மே 11, வெள்ளி

இன்று நான் செய்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

முதல் ஆட்டம். அப்பா பிலோவோடு மறுபடியும் வந்தார், அந்த லிப்ட் காட்சிக்காகவே. கொட்டாய் நிறைந்த கூட்டம். மாலை, கைதட்டல், வணக்கம். எல்லாரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளைகள் பக்கத்துத் தடுப்புச் சுவரில் ஏறி நின்றேன்.

"யாரும் போவாதீங்க! படம் முடியல! இன்னும் ஒரு ரீலு இருக்குது, வெட்டிட்டாங்க!"

"யாரது, ஜோசப்பு சம்சாரமா?"

"ஆமாங்க, நான்தான். ஒரு பாட்ட வெட்டுனா கொட்டாய ரெண்டு பண்றீங்க. கதையவே வெட்டியிருக்கறாங்க, வாய மூடிக்கிட்டுப் போறீங்க. காசு குடுக்கல நீங்க?"

அவ்வளவுதான். வெட்டிவிட்டார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆம்பிளைகள் பக்கம் விசில். "ரீலப் போடு! ரீலப் போடு!" திரையில் மணல் வந்து விழுந்தது. முதலாளி கிருஷ்ணகிரி போயிருந்தார். ஆபரேட்டர் மணி பயந்துபோய் இவரைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியாது. பிறகு மணியிடம் தலையை ஆட்டினார்.

ஓட்டினார்கள். கடைசி வரைக்கும்.

வாட்ச்மேன் ரசீதை எடுத்தபோது அந்தோணியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஜெயித்துவிட்டேன். பிலோ என் கையை விடவே இல்லை.

இவர் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் போகட்டும்.

மே 12, சனி

என்ன ஜனம் இது. என்ன ஜனம்!

காலையில் அப்பா காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்: "பாவம்மா அந்த ஆளு. நல்லா ஓடிட்டிருந்த கம்பெனி. எல்லாப் பேரும் ஒரே நாள்ல போயி பணத்தக் குடு பணத்தக் குடுன்னா எங்கிருந்து குடுப்பான்? ஜனங்கதான் கெடுத்துப்புட்டாங்க. நாம அப்படிப் போயி நிக்கக் கூடாது. போட்டமா, பேசாம இருந்தமான்னு இருக்கணும்."

"அப்பா, அவன் திருடன்ப்பா!"

"பொறுமையில்லாத ஜனம். அதான் படத்துல சொல்றாங்க. உனுக்குப் புரியல."

நேற்று இரவு துடைத்த கண்ணீர் அவனுக்காகவாம்! வாட்ச்மேனுக்காக இல்லை!

அந்தோணியம்மாவிடம் ஓடினேன், அவளாவது எருமைப் பணத்தைத் திருப்பிக் கேட்பாளென்று. அவள், "அது ஏழு மாடி, லிப்டு. ஆபத்துதான். நம்ம எம்.டி. ஆபீசுல லிப்டே இல்லியே மேரி, மாடிப்படிதான?" என்கிறாள். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது.

முதலாளி இவரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டிருக்கிறார். எம்.டி. மட்டும் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினாராம். "பரவால்ல ஜோசப்பு. மாமனாரு பணம் திங்கக்கெழம வருதில்ல?"

மே 13, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் செய்தாரென்று கேட்டால் தெரியாது.

மிச்சத் துணி: வெள்ளை மல் இரண்டு கஜம். யூனிபாரம் ஒன்றுதான் வரும்.

மத்தியானம் பிலோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நான் கோவிச்சுக்கல. அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். கூப்பிடலன்னா அப்பா யாருக்காவது கட்டி வெச்சிருவாரு. அதையும் பாத்துக்கலாம்" என்றாள். பத்தொன்பது வயசுப் பெண், கிழவி மாதிரி பேசுகிறாள். பேசவைத்துவிட்டார்கள்.

அப்பா என்னை நம்பித்தான் கொடுத்தார். தெரியும். ஆனால் அது அப்பாவின் பணமா? அம்மா அந்த மேட்டு நிலத்தில் குனிந்து குனிந்து கடலை பிடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எவனோ மாலை போட்டுக்கொள்ள அதைக் கொடுக்க வேண்டுமா? கொடுக்க மாட்டேன்.

யூனிபாரம் முடிந்தது. பட்டன் மட்டும் பாக்கி.

மே 14, திங்கள்

முதல் பஸ்ஸில் பிலோவை ஏற்றிவிட்டேன். முடிச்சை அவள் இடுப்பில் நானே கட்டினேன். சேலத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்றைக்கே பணத்தைக் கட்டிவிட வேண்டும். பட்டன் தைக்க நேரமில்லை, ஊசியும் நூலும் பையில் போட்டேன். அழவில்லை, இரண்டு பேரும்.

திரும்பி வந்தால் அப்பா குளித்து, சட்டை மாட்டி, தலை சீவி நின்றார். "பணத்த எடு மேரி."

"இல்லப்பா. பிலோகிட்ட குடுத்து அனுப்பிட்டன். அம்மா சொன்னபடி."

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். "வளத்த புள்ளையே இப்புடிப் பண்ணுனா" என்றார். பிறகு இவரைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ள, சேலத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்ப? போயி புடிச்சிரலாம். அவ கட்டறதுக்குள்ள போயிரலாம்."

இவர் பல் குச்சியை மென்றுகொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு மணிக்குத்தாங்க மாமா" என்றார்.

எட்டரைக்கு ஒன்று இருக்கிறது. படப்பெட்டியை இன்று அதில்தான் சேலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார், கை கழுவினார். அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்றில்லை.

அப்பா இன்னும் பன்னிரண்டு மணிக்காக வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் களி கிண்ட வேண்டும்.