மாம்பழ வைக்கோலில் முயல்குட்டி

ஞாயிறு, இரவு.

மகள் விட்டுவிட்டுப் போன முயல்குட்டியைத் தட்டிலேயே மலஜலம் கழிக்கப் பழக்குவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். "இனிமே ஒரு தடவை தட்டுக்கு வெளியே போச்சுன்னா உங்க தம்பி தோப்புக்குத்தான்" என்று மனைவி கல்யாணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தம்பி தோப்பில் நாய்கள் உண்டு.

தட்டில் பேப்பர் போட்டேன், தின்றது. மணல் போட்டேன், படுத்துத் தூங்கியது. கடைசியில் வைக்கோல் போட்டேன், கற்பூரமாகப் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலை தட்டு காலி. சம்பந்தி வீட்டுக்கென்று கல்யாணி உள்ளறையில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கப் போட்டிருந்தாள். அதன்மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது குட்டி! அதை என்ன சொல்ல? வைக்கோலைக் கண்டால் போ என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தானே. கல்யாணி குளித்துவிட்டு வருவதற்குள் பழங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வைக்கோலை மாற்றி, ஒன்றும் தெரியாதவன் போலப் பேப்பர் படித்தேன்.

மதியம் பழம் கும்பகோணம் போனது. சாயங்காலமே சம்பந்தியம்மா போன். "கடைப் பழத்துல இந்த வாசனை ஏதுங்க? வைக்கோல்ல பழுத்ததாச்சே!"

எனக்குப் புரையேறிவிட்டது. கல்யாணிக்குத் தலைகால் புரியவில்லை.

"கேட்டீங்களா? நாளைக்கே இன்னொரு கூடை போடுறேன்."

நாளையிலிருந்து தட்டில் உமி. அது பழகும்வரை அந்த அறை வாசலில் நான்தான் காவல்.