பத்தாவதுக்கு வராத பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். இங்கே மூணு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கேன்னு நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல நீ ஒண்ணு கேப்பே, நான் ஒண்ணு சொல்வேன், நடுவுல அம்மா பிடுங்கிப் பேசுவா, சொல்ல வந்தது பாதியில நின்னுடும். விஷயம் இதுதான், உன் தங்கச்சி வாலுவை ஒன்பதாவதுக்கு நீ படிச்ச பெரிய ஸ்கூல்ல சேர்க்கல, எங்க பஸ் டிப்போவுக்குப் பின்னால இருக்கிற ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். அம்மா ரெண்டு நாள் என் முகத்தையே பார்க்கல, அதனால உன் கோபத்துக்கும் நான் தயார். ஆனா கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கோபப்படு.

நம்ம வட்டாரத்துல இருக்கிற மூணு அரசாங்க ஹைஸ்கூலையும் வரிசையாப் போட்டு நீ அனுப்பின பட்டியலை அச்சடிச்சுச் சட்டைப்பையிலேயே வச்சிருந்தேன். பத்தாவதுல பெரிய ஸ்கூல் நூத்துக்கு நூறு பாஸ், கடைத்தெரு ஸ்கூல் எண்பத்து நாலு, டிப்போ ஸ்கூல் எழுபத்தொண்ணு. இதுல யோசிக்க என்னப்பா இருக்குன்னு கீழே எழுதியிருந்தே. எனக்கும் ஒண்ணும் தோணல. ஆனா பதினாறு வருஷமா அந்த மூணு வாசல்லயும் பஸ்ஸை நிறுத்துறவன், உன்னைச் சேர்த்த நாளைத் தவிர ஒரு தடவையாவது உள்ளே போயிருப்பேனா? வண்டியை வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்தா போதாது, அடியில குனிஞ்சு பார்க்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன், சொந்தப் பொண்ணு விஷயத்துல குனியலேன்னா எப்படின்னு ஒரு நாள் லீவு போட்டேன். முதல்ல கடைத்தெரு ஸ்கூல். ஹெட்மாஸ்டர் தங்கமான மனுஷன், ஆனா பெண்பிள்ளைங்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல, எழுதிப் போட்டிருக்கோம்னு சொன்னார், எப்போன்னு கேட்டேன், மூணு வருஷம் ஆச்சுன்னார். அப்படியே கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

பெரிய ஸ்கூல்ல எனக்கு ராஜ மரியாதை. உன் பேரைச் சொன்னதும் ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து நின்னு, உங்க பெரிய பொண்ணு போட்டோ இன்னும் ஹால்ல இருக்குன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல. வாலுவோட மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தாங்க, கணக்குல முப்பத்தெட்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, அக்கா மாதிரி வந்துட்டா பிரச்சினை இல்லன்னு சொல்லி சீட்டு கொடுத்துட்டாங்க. வராட்டி என்ன பிரச்சினைன்னு கேக்க அப்போ எனக்குத் தோணல. அட்மிஷன் பாரம் எழுதித் தர்ற வரைக்கும் வராந்தாவுல நின்னேன். வகுப்புக்கு வகுப்பு வாசல்ல எத்தனை பிள்ளைங்கன்னு பலகையில எழுதி வச்சிருக்காங்க. ஆள் எண்ணியே பழகின பொழைப்பு, கண்ணு தானா எண்ணிடுச்சு. ஒன்பதாவது நாலு பிரிவு, ஆகமொத்தம் இருநூறு பேர். பத்தாவது மூணே பிரிவு, நூத்து நாப்பது பேர். மீதி அறுபது பேர் எங்கேன்னு கிளார்க்கைக் கேட்டேன். சிலர் ஊர் மாறிப் போயிடுவாங்கன்னு தலை தூக்காம சொன்னார். ஒரே வருஷத்துல அறுபது குடும்பம் மூட்டை கட்டினா என் பஸ்ஸுக்குத் தெரியாம எந்த வழியா போச்சுன்னு கேக்கத் தோணிச்சு.

டிப்போ ஸ்கூல்ல கணக்கு தலைகீழா இருந்தது. ஒன்பதாவது ரெண்டு பிரிவு, பத்தாவது மூணு. சுவத்துல காரை பெயர்ந்து கிடக்கு, எங்க வண்டிச் சத்தத்துல டீச்சருங்க தொண்டை கிழியக் கத்துறாங்க. ஆனா பாத்ரூம்ல தண்ணி வருது, லேப்ல பாட்டிலெல்லாம் பாதி காலியா இருக்கு, அதாவது யாரோ நிஜமாவே அதைத் தொட்டுப் பாடம் நடத்துறாங்க. கணக்கு டீச்சர்தான் விளக்கினாங்க. பெரிய ஸ்கூல்ல ஒன்பதாவது முடிஞ்சதும், தேறாதுன்னு தோணுற பிள்ளைங்களோட பெத்தவங்களைக் கூப்பிட்டு, எங்க சொந்த விருப்பத்துல மாத்துறோம்னு எழுதி வாங்கிட்டு டி.சி. கொடுத்துடுவாங்களாம். அந்தப் பிள்ளைங்கதான் இங்கே வர்றாங்க, நாங்க எழுபத்தொண்ணு வாங்குறோம், அவங்க நூறு வாங்குறாங்கன்னு குரலை உயர்த்தாம சொன்னாங்க. அதோட நிறுத்தல. வர்றவங்களையாவது எனக்குத் தெரியும் சார், வராதவங்க எங்கே போறாங்கன்னு தெரியல, ரெண்டு வருஷம் முன்னாடி உங்களை மாதிரியே பஸ்காரர் ஒருத்தர், தோள்ல டிக்கெட் பை, பொண்ணைக் கூட்டிட்டு வந்து பாரம் வாங்கிட்டுப் போனார், பொண்ணு ஒல்லியா குச்சி மாதிரி இருந்தா, திரும்பி வரவே இல்லன்னாங்க. அது என் வண்டியில வர்ற நம்ம கண்டக்டர் மாமாவாத்தான் இருக்கணும். அந்தப் பொண்ணு, நம்ம வீட்டுல ஓடி விளையாடுவாளே, குண்டூசி.

அவ அத்தை வீட்டுல தங்கிப் படிக்கிறான்னுதானே ரெண்டு வருஷமா என்கிட்ட சொல்லிட்டிருந்தான். மறுநாள் கடைசி ஸ்டாப்புல பஸ் காலியானதும் கேட்டேன். முதல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். அப்புறம் சொன்னான், அவ வீட்டுலதான் இருக்கா, மருந்து டப்பா ஒட்டுற கம்பெனிக்குப் போறான்னு. ஏன்டா என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். பெரிய ஸ்கூல்ல போன் போட்டுச் சீட்டு வாங்கிக் கொடுத்ததே நீங்க, உங்க பொண்ணு அங்கே முதல் ஆளா வந்தவ, என் பொண்ணை வெளியே அனுப்பிட்டாங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்றதுன்னான். சரி, டிப்போ ஸ்கூல்ல ஏன் சேர்க்கலன்னு கேட்டதுக்கு, அவ மாட்டேன்னுட்டாண்ணே, பெயில் ஸ்டாப்புல போய் நான் இறங்க மாட்டேன்னு அழுதான்னான். அந்தப் பேரு யார் வச்சது தெரியுமா? நான்தான். டிப்போ ஸ்கூல் ஸ்டாப் வந்தா, பெயில் ஸ்டாப்பெல்லாம் இறங்குன்னு நான் சத்தம் போடுவேன், பஸ்ஸே சிரிக்கும், அவனும் சிரிப்பான். பத்து வருஷமா சொல்லியிருப்பேன். அந்த வார வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் அவங்க வீட்டுக்குப் போனோம். அந்தப் பிள்ளைகிட்ட, அது நான் வச்ச பேரும்மா, தப்பு என்னோடது, உன்னோடது இல்லன்னு சொன்னேன். அம்மாதான் அவ கையைப் பிடிச்சுப் பார்த்தா, விரலெல்லாம் பசை காய்ஞ்சு தோல் உரிஞ்சிருந்தது. வாலுவை டிப்போ ஸ்கூல்லயே சேர்க்கலாமான்னு நான் கேட்டதுல வந்த அம்மாவோட கோபம் அங்கேதான் போச்சு. கணக்கு டீச்சர்கிட்ட பேசினேன், பதினேழு வயசானாலும் பரவாயில்ல, பத்தாவதுல உக்காரட்டும், கூட்டிட்டு வாங்கன்னாங்க, அவகிட்டச் சொன்னதும் வர்றேன்னுட்டா. வாலு பக்கத்துல இருந்து கேட்டுட்டு, அப்போ நானும் அங்கேயே போறேன்ப்பா, அங்கே என்னை யாரும் அக்கா மாதிரி வரச் சொல்ல மாட்டாங்கன்னா. அடுத்த நாளே பெரிய ஸ்கூல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க. அந்த அறுபது பேர்ல என் பொண்ணும் ஒருத்தியா இருக்க வேண்டாம்னு சொன்னேன். வட்டாரக் கல்வி ஆபீசுக்கு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கேன், கண்டக்டரும் கையெழுத்துப் போட்டிருக்கான், வாங்கி வச்சுக்கிட்டாங்க, இதுவரைக்கும் ஒரு பதிலும் இல்ல.

உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல கண்ணு. நீ படிச்சது உன் உழைப்பு, அந்த டீச்சருங்களும் உனக்கு நல்லதுதான் செஞ்சாங்க. ஆனா உன்னை ஒண்ணு கேக்கணும்னு தோணுது. நீ பத்தாவதுல போய் உக்காந்தப்போ, ஒன்பதாவதுல உன் கூட இருந்தவங்க எத்தனை பேர் அங்கே இருந்தாங்க? உனக்கு ஞாபகம் இருக்கா? நான் ஒரு நாளும் உன்னைக் கேக்கல. உன் மார்க்கை மட்டும்தான் கேட்டேன்.

போன திங்கக்கிழமை ஸ்கூல் திறந்தது. வாலு முன்னாடியே ஓடி வந்து ஏறிட்டா. அடுத்த ஸ்டாப்புல குண்டூசி ஏறினா, புது யூனிபார்ம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு என் சீட்டுக்குப் பின்னால வந்து நின்னா. கண்டக்டர் எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரியே அவகிட்டயும் பாஸ் எங்கேன்னு கேட்டான். எடுத்து நீட்டினா. அதுல அவ பேரு, கீழே பத்தாம் வகுப்புன்னு இருந்தது. கண்ணாடியில பார்த்துட்டே இருந்தேன், அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்ல. விசில் கொடுக்கணும்கிறதே அவனுக்கு மறந்துபோச்சு. பின்னால இருந்து யாரோ வண்டியை எடுங்கன்னு கத்தினாங்க. விசில் வராம நான் எப்படி எடுக்கிறது, அப்படியே உக்காந்திருந்தேன்.

வாலுகிட்ட பேசும்போது மார்க் பத்திக் கேக்காதே, புது ஸ்கூல் எப்படி இருக்குன்னு கேளு. கணக்குல சந்தேகம் கேட்டா பொறுமையா சொல்லிக் கொடு. குண்டூசி நம்பரும் அனுப்புறேன், முடிஞ்சா அவளுக்கும் ஒரு வார்த்தை பேசு. உடம்பைப் பார்த்துக்கோ, வேலை வேலைன்னு தண்ணி குடிக்க மறந்துடாதே. எங்க ரெண்டு பேர் மனசும் எப்பவும் உன் பக்கத்துலதான் இருக்கு, நீ நீண்ட ஆயுசோட, நிறைஞ்ச மனசோட இருக்கணும்மா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா