உங்கள் ஜன்னலுக்குள் போன காற்று

அக்கா, வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போய் இத்தனை மாதமாகியும், ஏர்கான் பொத்தானை அமுக்கும்போது நான் இன்னும் இருமுகிறேன். பெட்டி ‘பீப்’ என்று கத்துவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கக் கூடாதே என்றுதான். அந்தப் பக்கம் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் கை ரிமோட்டுக்குப் போனால் தொண்டை தானாகச் செருமுகிறது. இன்று மதியமும் இருமினேன்.

நீங்கள் இருந்தபோது அந்த இருமலுக்குப் பதில் வரும். கரண்டியால் நடுச்சுவரில் இரண்டு தட்டு, பிறகு குரல்.

“ஏன்டி, ஏர்கான் போடுற நேரம் பாத்துத்தான் ஒனக்கு இருமல் வருமா?”

“சளிக்கா.”

“அந்தக் குளிர்ல படுத்தா சளி வராம சந்தனமா வரும்?”

கூலாயில் நம் தாமான் வரிசை வீடுகளே அப்படித்தான். ஒருவர் வீட்டுச் சுவரில் இன்னொருவர் சாய்ந்து கிடப்போம். நீங்கள் சமைக்கிற குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டி ஜன்னலை என் பக்கம் வைத்தீர்கள். நான் ஏர்கான் வாங்கியபோது அதன் கம்ப்ரசர் அந்த ஜன்னலுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. யார் பிழை என்று நாம் சண்டை போட்டது கடைத்தெரு வரைக்கும் தெரியும்.

என் நியாயம் என்னோடு. விடியும் முன்னே போய், செனாய் ஃபேக்டரி கேண்டீனில் அடுப்புக்கு முன்னால் வெந்துவிட்டு மதியம் வருகிறவள் நான். என் இஷ்டத்துக்கு நடக்கிற இடம் இந்த உலகத்தில் அந்த ஒரு ரூம்தான். அதைத்தான் உங்களிடம் சொன்னேன்.

“என் ரூமு, என் பில்லு, என் குளிரு. ஒங்களுக்கு என்னக்கா?”

“குளிரு ஒன்னுதுதான். வெளிய தள்ளுற சூடு யாருதுடி?”

“ஒங்க கருவாட்டு வாசம் என் ரூமுக்கு வருதே, நான் போலீசுக்கா போனேன்?”

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் காதில் கிடக்கிறது. “அவங்கவங்க சூட்ட அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கிட்டே போனா, கடைசி வீட்டுக்காரன் எங்கடி தள்ளுவான்?”

நான் வாயாடி. “நம்ம வரிசைல கடைசி வீடு காலியாத்தான் கெடக்கு லா” என்றேன். மறுநாள் நீங்கள் ஜன்னலின் கண்ணாடி அடுக்குகளைச் சாத்திவிட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

என் வீட்டுக்கு வந்தாலும் உங்கள் கை சும்மா இருக்காது. ஹாலில் ஆளில்லாமல் லைட் எரிந்தால் போய் அணைப்பீர்கள். “ஆளில்லாத ரூமுக்கு வெளிச்சம் எதுக்கு? பேய் படிச்சிப் பாஸ் பண்ணணுமா?” என்பீர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத பிறகு, உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தோம். கருமாதி வரை அணையக் கூடாது இல்லையா? உங்கள் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எண்ணெய் ஊற்ற ஆள் கிடையாது. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிற அவசரத்தில், எண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டுப் போனான். கருமாதி முடிந்தது, சொந்தக்காரர்கள் கலைந்தார்கள், வீட்டைப் பூட்டினார்கள். பல்பை அணைக்க மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. உங்கள் விளக்கை நான்தான் அணைத்தேன் என்ற பேர் யாருக்கு வேண்டும்?

அது எரிந்துகொண்டே இருந்தது. நல்ல வெயிலில்கூட முன்ஜன்னலில் அந்த மஞ்சள் தெரியும். ஆளில்லாத வீடு, யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி. மகனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, அம்மாவுக்கு இது புடிக்காதுப்பா.”

“எரியட்டும் ஆண்ட்டி. எங்கம்மா, எங்க வீடு, பில்லு நான்தானே கட்டுறேன்? ஒங்களுக்கு என்ன?”

என் வசனம் சிங்கப்பூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

இருமி, பொத்தானை அமுக்கி, படுப்பேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ‘க்ரீச்... க்ரீச்’ என்று கேட்கும். எனக்குத் தெரிந்த சத்தம். ஃபேக்டரிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டபோது ஆட்டுவீர்களே, அந்த ஸ்பிரிங் தொட்டில். பயந்து ஏர்கானை அணைப்பேன். தொட்டில் மெதுவாக நிற்கும். திரும்பப் போட்டால் திரும்ப ஆடும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அந்தம்மா செத்தும் ஒன்ன விடலயா?” என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஹாலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு மதியம் பொறுக்க முடியவில்லை. நீங்கள் கொடுத்துவைத்த சாவி என் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில்தான் கிடக்கிறது. ஏர்கான் ஓடட்டும், ஒரு நிமிட வேலைதானே என்று என் கதவைப் பூட்டிவிட்டு, சந்துவழியாகச் சுற்றிவந்து உங்கள் பின்கதவைத் திறந்தேன்.

பவுடர் வாசம் இன்னும் போகவில்லை, அக்கா. குசினியே அடுப்பு மாதிரிக் கொதித்தது. நடுவில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலாகக் கட்டிய கைலியின் வயிறு, உள்ளே ஒரு பிள்ளை கிடப்பதுபோல உப்பியிருந்தது. கிட்டப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று. சூடான காற்று.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு கண்ணாடி எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. அந்த இடைவெளிக்கு நேராக என் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்தது. நான் குளிர்ந்தபோதெல்லாம் உங்கள் வீட்டில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது நான்தான். பேயாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஹாலுக்குப் போனேன். படத்தில் நீங்கள் என்னையே பார்த்தீர்கள். சாவியைச் சாமி மேடையில் வைத்துவிட்டு, கும்பிட்டு, சுவிட்சை அணைத்தேன். பல்பு அணைந்ததும் குசினியில் க்ரீச் சத்தம் நின்றது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அணைத்துவிட்டேன் என்று மறுநாள் மகனிடம் போனில் சொன்னேன். திட்டுவான் என்று இருந்தேன். “உள்ள போனப்ப அம்மா ஏசினாங்களா, ஆண்ட்டி?” என்று கேட்டான்.

“பல்புக்கு ஒன்னைய, ஏர்கானுக்கு என்னைய” என்றேன். அழுதானா சிரித்தானா தெரியவில்லை.

ஏர்கானை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஆனால் ஆள் வந்து கம்ப்ரசரைக் கழற்றி என் கொல்லைப் பக்கம் திருப்பப்போகிறான், நான் துணி காயப்போடும் இடத்துக்கு நேராக. என் சூட்டில் இனி நானே நிற்கிறேன். அதுவரைக்கும் உங்கள் ஜன்னல் ஓட்டையில் ஓர் அட்டையைச் சொருகி வைத்திருக்கிறேன்.

அன்றைய மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைத்துவிட்டு, அந்த ஓட்டையை வெளியிலிருந்து பார்க்கலாம் என்று பின்வாசல் படியில் இறங்கினேன். ஜன்னல் வழியாக வந்த என் காற்று கதவைத் தள்ளியது. கதவு அடித்துச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது. உங்கள் சாவியும் என் சாவியும் சாமி மேடையில். என் போன் என் ரூமில், குளிரில். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்வரை உங்கள் படியில், கம்ப்ரசருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்குள் ஏர்கான் ஆளில்லாத ரூமைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு இருமல் வந்தது.

பொத்தான் எதையும் நான் அமுக்கவில்லை.