மருந்துக் கேனில் பிடித்த தண்ணீர்

தவக்களை மாமா,

நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் கேலிக்கு வைத்த பேர்தான். கோபம் வந்தால் நானும் அப்படிக் கூப்பிடுவேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே செல்லப் பேராகிவிட்டது.

நேற்றுக் காலை, மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். கடைசிக் காம்பரா வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகப் பெண் ஒரு கேனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புல்லு மருந்து வந்த கேன். கிட்டே போனதும் அந்த நாற்றம்.

“அதுல தண்ணி பிடிக்காதம்மா.”

“ரெண்டு தரம் கழுவிட்டேன்க்கா. வாசம் போயிரும்.”

நான் அன்றைக்குச் சொன்ன அதே பேச்சு. அவளிடமிருந்து கேனை வாங்கி, கத்தியால் குத்தி ஓட்டை போட்டேன். நம் வீட்டு வாளியைக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாங்கினாள். போகட்டும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கப் போன காலம். மருந்து தீர்ந்தால் காலிக் கேன் யாருக்கு என்று உங்கள் ஆட்களுக்குள் ஒரே போட்டி. மூடி இறுக்கமானது, மேட்டில் தூக்கி வந்தாலும் சிந்தாது. உங்கள் முறை வந்த அன்று, கொழும்பிலிருந்து ரேடியோ வாங்கி வருகிறவர் மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

“வயித்துப் புள்ளையோட எத்தனை தரம் பீலிக்கு நடப்ப? இதுல ஒரு தரம் பிடிச்சாப் போதும்.”

எனக்கும் பெருமைதான். கழுவினேன், பிடித்தேன், குடித்தேன்.

காம்பராவுக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் விழும் பழைய பீப்பாயின் விளிம்பில் தவளை நுரை கட்டி முட்டையிட்டிருந்தது. தலைப்பிரட்டைகளில் பாதி பீப்பாய்க்குள் விழுந்தன, பாதி கீழே வாய்க்காலில் விழுந்தன. மழை நின்று பீப்பாய் வற்றியது. “பாவம், காஞ்சு போயிரும்” என்று கேனில் இருந்த தண்ணீரை நீங்கள் ஊற்றி விட்டீர்கள். தண்ணீர் குறையக் குறைய ஊற்றினீர்கள்.

வாய்க்காலில் இருந்தவை நன்றாக வளர்ந்தன. பின்னங்கால் முளைத்துவிட்டது. பீப்பாய்க்குள் இருந்தவை சின்னதாகவே நின்றுவிட்டன. சிலதுக்கு வால் கோணிப்போய், ஒரே இடத்தில் வட்டம் சுற்றின. சிலது வயிற்றைக் காட்டி மிதந்தன. நீங்கள் குந்தி உட்கார்ந்து அதையும் இதையும் மாறிமாறிப் பார்த்தீர்கள். பிறகு உள்ளே வந்து, கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்தியால் கிழித்தீர்கள்.

“பைத்தியமா ஒங்களுக்கு? நல்ல கேனு!”

“ஒரே நுரையில பொறந்ததுங்க. இந்தத் தண்ணியில விழுந்ததுக்கு மட்டும் வாலு கோணுது. நம்ம புள்ளையும் இப்ப ஒன் வயித்துல தண்ணிக்குள்ளதான கெடக்கு?”

பானையில் மிச்சம் இருந்த கேன் தண்ணீரை நான் வெளியே கொட்டினேன்.

காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டிலேயே கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டாரே, “என்னடா தவக்களை, சொந்தக்காரங்கள்லாம் சொகமா?” என்று. அன்று விழுந்த பேர். மருந்தடிக்கிற வேலையை விட முடியவில்லை, வேறு வேலை கொடுக்க ஆள் இல்லை. ஆனால் மருந்து டாங்கியை மட்டும் பீலிப் பக்கம் கொண்டுவர மாட்டீர்கள். அதற்கும் சிரித்தார்கள்.

மகள் பிறந்தாள். ஒரு கால் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. சிங்கள மருத்துவிச்சி, “பயவென்ட எப்பா, பயப்படாத, இப்படிப் புள்ளைங்க பொறக்கிறதுதான்” என்றாள். என் அம்மா, தன் தம்பிக்கும் அப்படித்தான் இருந்தது என்றாள். இரத்தினபுரி ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், எதனால் என்று சொல்ல முடியாது என்றார். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். கேனைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கட்டு அவிழ்த்த நாளிலிருந்து, வேலை விட்டு வந்ததும் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது உங்கள் வேலை. தேத்தண்ணீர் கூட அப்புறம்தான். லேட்டாக நடந்தாள், ஆனால் நடந்தாள். இப்போது பள்ளிக்கூட ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும் ஓடத்தான் செய்கிறாள். போன மழையில் எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு நான்தான் தேய்க்கிறேன். “அப்பா மாதிரி ஒனக்கு வரலம்மா” என்கிறாள். உண்மைதான். நீங்கள் தேய்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், பாதத்தையே பார்ப்பீர்கள்.

கொண்டுவந்தவர் நீங்கள், குடித்தவள் நான். எனக்கு உங்கள் மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இருந்துவிட்டேன்.

அத்தனை வருசமும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டா இருந்தீர்கள், மாமா?